மூன்று மாத்திரை குறைந்த அட்டை

இரும்பைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு அனுப்புகிற வேலை அது. குழாய், கம்பி, வேலிக்கால், மின்கம்பத்துச் சட்டம் என்று எது வந்தாலும் முதலில் அமிலத் தொட்டி, பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு உப்புத் தொட்டி, கடைசியில் பெரிய தொட்டி. பெரிய தொட்டியில் துத்தநாகம் உருகிக் கிடக்கும். துத்தநாகம் என்று சொல்வதெல்லாம் பாடப்புத்தகத்தில்தான். தொட்டியடி ஆட்களுக்கு அது ஜிங்க். நானூற்றைம்பது டிகிரி சூட்டில், காய்ச்சின பால் ஆடை கட்டினது போலச் சாதுவாகப் படுத்திருக்கும். கை பட்டால் கை இருக்காது. அதில் முங்கி எழுந்த இரும்பு முப்பது வருஷம் மழையில் நின்றாலும் துரு அண்டாது.

அந்தத் தொட்டி ஓரத்தில் நீளமான துடுப்போடு நிற்கிறவன்தான் இந்தக் கதைக்கு ஆள். மேலே மிதக்கிற சாம்பலை வழித்து ஒதுக்குவது அவன் வேலை. இரும்பு இறங்குமுன் ஒரு வழிப்பு, ஏறுமுன் ஒரு வழிப்பு. வழிக்காமல் விட்டால் சாம்பல் ஒட்டிக்கொண்டு இரும்பு சிரங்கு பிடித்த மாதிரி வெளியே வரும். பத்து வருஷம் அதே துடுப்பைப் பிடித்ததில் அவன் பெயரே துடுப்பு என்று ஆகிப்போனது. சம்பளப் பதிவில் வேறு பெயர் இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஈர இரும்பு ஜிங்க்கில் இறங்கும்போது வெள்ளையாக ஒரு புகை எழும்பும். தினமும் இழுக்கிறவனுக்குத் தினமும் ஒன்றும் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்ந்துவிட்டு வந்தால்தான் வம்பு. திங்கட்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும், செம்புக் காசைச் சப்பினது போல வாயில் ஒரு ருசி ஊறும். அப்புறம் குளிர். பல் தந்தியடிக்கும், மூட்டெல்லாம் கழன்று விழும், ரெண்டு போர்வை போர்த்தினாலும் உள்ளே இருந்து உதறும். விடிந்தால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து வேலைக்கு வந்துவிடலாம். தொட்டியடியில் அதற்குத் திங்கள் ஜுரம் என்று பெயர். அந்த ஜுரம் காணாதவன் அங்கே ஆளே இல்லை. அதற்கு மருந்தாகத் தினமும் காலையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால். விஷத்தைப் பால் கட்டிப்போடும் என்று யார் எப்போது சொன்னார்களோ, பால் மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

துடுப்புக்கு ஒரே மகள். பொடிசு என்று கூப்பிடுவார்கள். இன்னும் ரெண்டு மாசத்தில் ரெண்டு வயது. எடை எட்டுக் கிலோ. காற்று திசை மாறினால் போதும், படுத்துவிடுவாள். ஆறு மாசத்தில் மூன்று தடவை வயிற்றுப்போக்கு, ரெண்டு தடவை நெஞ்சுச்சளி. கொஞ்சம் தேறி, கன்னத்தில் சதை ஒட்டுகிற நேரம் பார்த்து அடுத்தது வரும். அவளுக்கு முன்னால் ஒருத்தன் பிறந்து, பதினோரு மாசம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். இப்படித்தான், வயிறு போயே. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. ஆனால் பொடிசு ஒருவேளை சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளினாலே துடுப்பும் மனைவியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எழுந்து வேறு வேலை பார்ப்பார்கள்.

மூன்றாவது தடவை வயிறு போனபோது மனைவிதான் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சிஸ்டர் உப்புக்கரைசல் பொட்டலம் ஆறும் ஒரு மாத்திரை அட்டையும் கொடுத்தனுப்பியிருந்தார். முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வந்த துடுப்பு, முகம் கழுவிக்கொண்டே கேட்டான்.

"என்ன குடுத்தாங்க?"

"உப்புத்தண்ணி. போறப்பல்லாம் கரைச்சுக் குடுக்கணுமாம். அப்புறம் இந்த மாத்திரை. தினம் ஒண்ணு, கரண்டித் தண்ணியில போட்டாக் கரைஞ்சிடும். பதினாலு நாள். வயிறு நின்னாலும் இதை நிறுத்தக் கூடாதாம். உடம்புல எதிர்ப்பு சக்தி ஏறுமாம், அடிக்கடி விழாதாம்."

அட்டையைத் திருப்பினான். பின்பக்கம் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தவனுக்கு முகம் மாறிவிட்டது.

"ஏய், இது என்னன்னு தெரியுமா உனக்கு?"

"மாத்திரை."

"ஜிங்க்குடி! எங்க தொட்டியில கொதிக்குதே அது! திங்கக்கிழமையானா என்னைப் போட்டு உதறி எடுக்குதே அது! என் உடம்பு தாங்குது. எட்டுக் கிலோ தாங்குமா? இதைப் போய்ப் புள்ள வாயில ஊத்தச் சொன்னாங்களா?"

"படிச்சவங்க தெரியாமயா குடுப்பாங்க?"

"படிச்சவங்க அதைப் புத்தகத்துல பாத்திருக்காங்க. நான் பத்து வருஷமா மூக்குல பாக்கறேன்."

அவன் குளிரில் உதறுகிறபோது மேலே ஏறிப் படுத்து அமுக்கிப் பிடித்திருக்கிறவள் அவள். அட்டையை அவன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டபோது அவள் தடுக்கவில்லை. உப்புத்தண்ணியைக் கரைக்க எழுந்து போனாள்.

மறுநாள் பால் குடிக்கிற நேரத்தில் அட்டை கை மாறி கை மாறிச் சுற்றி வந்தது. தொட்டிக்கு மேலே சங்கிலியை ஏற்றி இறக்குகிற ஆள் கொக்கி. துடுப்புக்கு அவன் மச்சான் முறை இல்லை, ஆனாலும் ரெண்டு பேரும் மச்சான்தான்.

"அடப்பாவி, வழிச்ச சாம்பலை லாரியில ஏத்திட்டுப் போறானுங்களே, எதுக்குன்னு இன்னைக்குத்தான் புரியுது," என்றான் கொக்கி. "உருட்டி, வெள்ளையடிச்சு, நமக்கே திருப்பிக் குடுக்கறானுங்க."

"துடுப்பண்ணே, உங்க வீட்டுல எதுக்கு மாத்திரை? ராத்திரி சட்டையை உதறினாலே போதாது? ஒரு மாசத்துக்கு வரும்," என்று அமிலத் தொட்டிக்காரன் சொல்ல, எல்லாரும் பால் புரையேறச் சிரித்தார்கள்.

துடுப்பும் சிரித்தான். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. சிரித்தவர்களில் ஒருத்தன்கூட அந்த மாத்திரையைச் சாப்பிட்டுப் பார்த்தவன் இல்லை. ஒருவேளை நல்லதாக இருந்து, தான் தடுத்துவிட்டால்? கெட்டதாக இருந்து, கொடுத்துவிட்டால்? ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு ரெண்டாவது கேள்வி பெரிதாகத் தெரிந்தது.

அவனே சாப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தான். அதற்கு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். அன்றைக்குப் புகை இல்லை. அப்போது ஜுரம் வந்தால் அது மாத்திரையால் வந்த ஜுரம்தான், தப்பிக்க வழியில்லை. தொட்டியடி மூளைக்கும் ஒரு கணக்கு உண்டு. சின்ன உடம்புக்கு ஒன்று என்றால் பெரிய உடம்புக்கு ஒன்று காட்டாது என்று மூன்றை எடுத்துக்கொண்டான். சாப்பாடு குறுக்கே வந்து மறைத்துவிடக் கூடாது என்று வெறும் வயிற்றில், விடிந்ததும் முதல் வேலையாக, கரைத்துக்கூடக் குடிக்காமல் மென்று விழுங்கினான்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வாயில் அதே ருசி. செம்புக் காசு. அடுத்தாற்போல வயிறு புரட்டியது. வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தான். மனைவி தண்ணீரும் கையுமாக ஓடி வந்தாள்.

"பாத்தியா?" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு. "அதே ருசி. இன்னும் குளிர்தான் பாக்கி. சாயங்காலம் வரும் பாரு."

சாயங்காலம் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான். குளிருக்குக் காத்திருந்தான். வெயில் சுவரில் இருந்து இறங்கித் தரைக்கு வந்தது. வியர்த்தது. குளிர் வரவில்லை. மூட்டு வலிக்கவில்லை. வயிறுகூட மத்தியானமே தெளிந்திருந்தது. சொல்லப்போனால் நன்றாகப் பசித்தது. மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கேட்டாள்.

"என்னங்க, குளிர் வந்துச்சா?"

காலையில் அத்தனை அடித்துச் சொன்ன வாய் அது. சட்டென்று மாற்றிச் சொல்ல வரவில்லை.

"வந்துச்சு," என்றான். "இப்பத்தான் விட்டுச்சு."

அவள் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, குடுக்கல," என்றாள்.

உப்புத்தண்ணியிலேயே பொடிசுக்கு வயிறு நின்றுவிட்டது. மூன்றாம் நாள் எழுந்து வீட்டுக்குள் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு திரிந்தாள். பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே ஆகவில்லையா என்று தொட்டியடி முழுக்கப் பெருமையாகச் சொன்னான். அட்டை சாப்பாட்டுப் பையின் அடியிலேயே கிடந்தது. ஏனோ தூக்கி எறிய மட்டும் கை வரவில்லை.

பத்தொன்பதாவது நாள் விடியற்காலையில் பொடிசுக்கு மறுபடி வயிறு போக ஆரம்பித்தது. இந்தத் தடவை வாந்தியும் சேர்ந்துகொண்டது. கரைத்துக் கொடுத்த உப்புத்தண்ணி உள்ளே தங்கவில்லை. எட்டு மணிக்குள் கண் ரெண்டும் குழிக்குள் போய்விட்டன. அழுதாள், ஆனால் கண்ணீர் வரவில்லை. அந்தக் கண்ணீரில்லாத அழுகையை ரெண்டு பேரும் முன்னாலேயே ஒருதடவை பார்த்திருக்கிறார்கள். மனைவி குழந்தையைத் துணியில் சுற்றினாள். துடுப்பு வேலைக்குக் கிளம்பிப் போக மனசு வராமல் நின்ற கோலத்திலேயே, தோளில் சாப்பாட்டுப் பையோடு, குழந்தையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடினான்.

சுகாதார நிலைய வாசலில் ஏழு படி. படியோரம் குழாயில் செய்த கைப்பிடி. ஓடி வந்த வேகத்தில் கால் தட்டி அதைப் பிடித்தான். பெயிண்டும் துருவுமாகப் பொருக்கு பொருக்காகக் கையோடு வந்தது. மனைவியின் சேலைத் தலைப்பு அதில் மாட்டிக் கிழிந்தது. ரெண்டு பேரும் நிற்கவில்லை.

டாக்டர் வருகிற நாளாக இருந்தது பாக்கியம். குழந்தையின் கையில் நரம்பு கிடைக்கவில்லை. ஒரு குத்து, ரெண்டு குத்து. மூன்றாவது குத்தில், சிஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினதில், ஊசி நின்றது. பாட்டிலில் இருந்து சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. துடுப்பு அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். உருகின ஜிங்க் சொட்டுவதைப் பத்து வருஷம் பார்த்தவன், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இத்தனை இடைவெளி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டான்.

மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பொடிசு படுக்கையை நனைத்தாள்.

"அப்பாடா," என்றார் சிஸ்டர். "மூத்திரம் போயிட்டா. இனிமே பயமில்லம்மா. துணியை மாத்து."

மனைவி ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதைப் பிழியவும் தோன்றவில்லை, கீழே போடவும் மனசு வரவில்லை. துடுப்பு சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

சிஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும். நாள் முழுக்க நிற்கிற கால், வீங்கிப்போய்ச் செருப்பு வாரை மீறிப் பிதுங்கும். பேச்சில் சர்க்கரை கிடையாது. மேசையில் இருந்த பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"போன தடவை பதினாலு மாத்திரை குடுத்தேனே. முடிஞ்சுதா?"

மனைவி தரையைப் பார்த்தாள். துடுப்பு பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். சிஸ்டர் எடுத்து எண்ணினார்.

"பதினொண்ணு இருக்கு. மூணு நாள் குடுத்துட்டு, வயிறு நின்னதும் நிறுத்திட்டீங்க. அதானே? எல்லாரும் பண்ற வேலை."

"இல்ல சிஸ்டர். புள்ளைக்கு ஒண்ணுகூடக் குடுக்கல. அந்த மூணை நான் தின்னேன்."

"நீங்க எதுக்கு அண்ணே தின்னீங்க? உங்களுக்கா வயிறு போச்சு?"

சொன்னான். தொட்டி, புகை, திங்கள் ஜுரம், பால், ஞாயிற்றுக்கிழமை, மூன்று மாத்திரை, வாயில் ஊறிய அதே ருசி எல்லாவற்றையும் சொன்னான். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். திட்டு விழவில்லை. சிஸ்டர் பேனாவை வைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"வெறும் வயித்துல, மூணு, மென்னு முழுங்கினீங்க."

"ஆமா."

"எனக்கும் புரட்டும். அண்ணே, ஒண்ணு கேக்கறேன். தண்ணி குடிக்கறீங்க இல்ல? தண்ணி இல்லாம உங்க பொண்ணு இன்னைக்கு எப்படிக் கிடந்தான்னு பாத்தீங்க. அதே தண்ணி மூச்சுக்குழாய்ல ஏறினா என்ன ஆகும்?"

"செத்துருவோம்."

"அப்ப தண்ணி விஷமா?"

துடுப்பு குனிந்த தலையை நிமிர்த்தினான்.

"போற வழி ஒண்ணு, அளவு ஒண்ணு. நீங்க இழுக்கறது சூட்டுல எரிஞ்ச புகை, அது நெஞ்சுக்குள்ள போய் உக்காருது. இது துளியோண்டு, வயித்துக்குப் போறது. சாப்பாட்டுலயே இருக்கறதுதான். உங்க பொண்ணுக்கு வயிறு போறப்பல்லாம் உடம்புல இருக்கறதும் சேர்ந்து போயிடுது. மறுபடி நிரப்பலேன்னா காவக்காரன் இல்லாத வீடு மாதிரி. வர்றவன் போறவன் எல்லாம் உள்ள நுழைவான். பதினாலு நாள் ஒழுங்காக் குடுத்தா ரெண்டு மூணு மாசத்துக்காவது காவல் இருக்கும். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கொறையும், வந்தாலும் இப்படி அடிச்சுப் போடாது." நிறுத்தினார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "அது சரி, ருசி வந்துச்சு, வாந்தி வந்துச்சு. குளிர் வந்துச்சா?"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். அவளிடம்தானே சொல்லியிருந்தான். "வந்துச்சு" என்று அவளே சொல்லிவிடத் தயாராக வாயைத் திறந்தாள்.

துடுப்பு முந்திக்கொண்டான். "இல்ல சிஸ்டர். வரல."

சிஸ்டருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. "வராது," என்று சொல்லிவிட்டு எழுதப் போய்விட்டார். மனைவி மட்டும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொட்டியில் இறங்கின ஈர இரும்பு வெடிக்குமா, அடங்குமா என்று ஒரு கணம் தெரியாது. அந்த மாதிரி ஒரு கணம். துடுப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"காலையில குடுக்கணுமா சிஸ்டர், சாயங்காலமா?"

"எப்பன்னாலும் சரி. சாப்பிட்ட பிறகு குடு. அரை மணிக்குள்ள கக்கிட்டா இன்னொண்ணு குடு. இந்தா, புது அட்டை. உன் வீட்டுக்காரர் தொட்டியடிச் சூட்டுல வாட்டினது வேண்டாம்." பழைய அட்டையைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அண்ணே, இது உங்களுக்கு இல்ல, தெரியுதா?"

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெருமுனை திரும்பும்போது, அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க குளிர் வந்துச்சுன்னதும் நிம்மதியாப் போச்சு. குடுக்கலாமா வேண்டாமான்னு நான் ரோசிக்க வேண்டியதில்ல பாருங்க. அதனால முழுப் பழியும் உங்க மேல போட என்னால முடியல. அதுக்கு மேல எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

"கேக்கல."

"பதினாலு நாளும் நீங்கதான் குடுக்கணும். உங்க கையால."

தண்டனை என்றால் இவ்வளவு சின்னதாகவா இருக்கும்? கொக்கியின் பெண்டாட்டியாக இருந்தால் பானையைத் தலையில் கவிழ்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். குழந்தையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். நன்றி என்ற சொல்லை அவன் வாழ்க்கையில் பெண்டாட்டியிடம் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை. "பையைக் குடு, நானே தூக்கறேன்," என்றான்.

முதல் நாள் பொடிசு கரண்டியைத் தட்டிவிட்டாள். ரெண்டாம் நாள் வாயில் வாங்கி அவன் முகத்திலேயே துப்பினாள். மூன்றாம் நாள் துடுப்புக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. குழாயை நேராகத் தொட்டியில் இறக்கினால் எகிறி அடிக்கும். சாய்த்து, ஓரமாக, மெதுவாக இறக்க வேண்டும். கரண்டியை நேரே நீட்டாமல் கன்னத்து ஓரமாகச் சாய்த்து விட்டான். "மெல்ல, மெல்ல, கொக்கி மாமா இறக்குறாரு பாரு, மெல்ல," என்று தொட்டியடிக் குரலில் சொன்னான். மடக் என்று விழுங்கிவிட்டு மகள் அவனை முறைத்தாள். அடுப்படியில் இருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. சுகாதார நிலையத்துக்குப் போய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆறாம் நாள் கக்கினாள், இன்னொன்று கொடுத்தான். வீணானதற்கு ஈடாகச் சிஸ்டரிடம் கேட்டு வாங்கி வந்தான். பதினாலாம் நாள் காலி அட்டையை மனைவியிடம் காட்டினான். அவள் வாங்கி, ஒவ்வொரு குழியையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

தொட்டியடியில் விஷயத்தைச் சொன்னபோது கொக்கி குதித்தான். "அப்ப நாமளும் தின்னலாமே மச்சான்! எதிர்ப்பு சக்தின்னா சும்மாவா!" சொன்னவன் சொன்னபடி மருந்துக்கடையில் ஒரு டப்பா வாங்கி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று போட்டுத் தள்ள, நாலே நாளில் சாப்பாட்டைக் கண்டால் ஓங்கரிக்க ஆரம்பித்தான். "குறைஞ்சவனுக்குத்தான் நிரப்பணும். ததும்பறவன் மேல ஊத்தினா வழியத்தான் செய்யும்னு சிஸ்டர் சொன்னாங்க," என்றான் துடுப்பு. "வருஷக்கணக்கா இப்படித் தின்னா ரத்தமே கெட்டுப்போகுமாம்." டப்பா அன்றோடு காணாமல் போனது.

புகை பற்றி டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். எதைக் கேட்டாலும் முதலில் நெஞ்சு முட்ட மூச்சு வாங்கி விடுவார், அதனால் அவருக்குப் பெருமூச்சு என்று பெயர். அன்றைக்கும் விட்டார். ஆனால் எட்டு மாசமாகப் பெல்ட் அறுந்து தொங்கின புகைபோக்கி விசிறி அந்த வாரமே ஓட ஆரம்பித்தது. மூக்குமூடியும் வந்தது. திங்கள் ஜுரம் அடியோடு போகவில்லை, ரெண்டு போர்வை ஒரு போர்வையானது. பால் மட்டும் நிற்கவில்லை. பால் யாருக்குக் கசக்கும்?

ஒரு மாசம் போனது. ரெண்டு மாசம் போனது. நடுவில் பொடிசுக்கு ஒருதடவை மூக்கு ஒழுகியது. ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் எழுந்தார்கள். மூன்றாம் நாள் தானாக நின்றுவிட்டது. கன்னத்தில் ஒட்டின சதை கரையவில்லை. மூன்றாவது மாசம் எடை பார்க்கப் போனார்கள். ஒன்பது கிலோ முன்னூறு. சிஸ்டர் முள்ளை ரெண்டு தடவை பார்த்துவிட்டு எழுதினார். வெளியே வரும்போது துடுப்பு படியில் நின்றான். கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். துரு கையோடு வந்தது. குழாயைத் தட்டிப் பார்த்தான், உள்ளே இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. முழத்தால் அளந்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. வா."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் துடுப்பும் கொக்கியும் திருகுசாவியோடு வந்து கைப்பிடியைக் கழற்றினார்கள். காவல்காரர் ஓடி வந்தார். "இரும்புக்கடைக்கா கொண்டு போறீங்க?" என்று சத்தம் போட்டார். டாக்டரிடம் கேட்டாகிவிட்டது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கைப்பிடிக்குப் பதிலாகப் படியோரம் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆலையில் பெருமூச்சு பெரிய மூச்சாக ஒன்று விட்டார். "கடைசியாத் தொங்கவிடற இரும்போட சேத்துப் போட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அமிலத்தில் ஒருநாள் முழுக்க ஊறினபிறகுதான் பழைய பெயிண்டும் துருவும் கழன்றன. மூடின குழாயை அப்படியே இறக்கினால் உள்ளே அடைபட்ட ஈரம் குண்டாக வெடிக்கும். அதனால் முனைக்கு முனை துளை போட்டான். பெரிய தொட்டியில் இறங்கும்போது அவனே மூன்று தடவை வழித்தான். சாம்பல் துணுக்கு ஒன்றுகூட ஒட்டவில்லை. வெள்ளிக் குழாயாக எழுந்து வந்தது. அடியில் ஆங்காங்கே சொட்டு இறுகி முள்ளாக நின்றது. வேலிக்காலாக இருந்தால் அப்படியே அனுப்பியிருப்பான். இது குழந்தைகளின் கை போகிற இடம். அரத்தை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாக ராவினான். ராவி முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தான். எங்கும் தட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ரெண்டாம் ஷிப்டுக்கு முன்னால், கொண்டுவந்து பொருத்தினார்கள். மனைவியும் மகளும் கூட வந்திருந்தார்கள். சிஸ்டர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"யாரு கேட்டா உங்களை?"

துடுப்புக்கு மூன்று மாசமாகச் சேர்த்து வைத்த வார்த்தை எதுவும் வாய்க்கு வரவில்லை. "இல்ல சிஸ்டர்... அன்னைக்கு இவ சேலை மாட்டிக் கிழிஞ்சிடுச்சு," என்றான்.

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவன் கைப்பக்கமாக வந்து நின்றுகொண்டாள்.

சிஸ்டர் வீங்கின காலோடு ஒவ்வொரு படியாக, கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாள் முழுக்க நிற்கிற அந்தக் கால், பிடித்து இறங்க ஒன்று கிடைத்ததும் கொஞ்சம் லேசாகிப் போனது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசிப் படியில் நின்று கேட்டார்.

"என்ன பூசியிருக்கீங்க, ஜிங்க்கா?"

"ஜிங்க்தான் சிஸ்டர்."

"அளவாத்தானே போட்டீங்க? மூணு மடங்கு போட்டிருக்க மாட்டீங்களே?"

கொக்கி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். துடுப்பு சிரித்துவிட்டான். "தலைமுடி தடிமன்தான் சிஸ்டர். அதுக்கு மேல ஏத்தினாப் பொருக்காகிக் கொட்டிடும். முப்பது வருஷத்துக்குப் பயமில்ல."

"முப்பது வருஷமா! அதுக்குள்ள நான் ரிட்டயராகி வீட்டுல உக்காந்திருப்பேன்," என்றார் சிஸ்டர். கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். வெயில் கூசியதாகக்கூட இருக்கலாம்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பொடிசு தானே முதல் படியில் ஏறிவிட்டாள். ரெண்டு கையாலும் புதுக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். பளபளவென்று இருந்ததைக் கிட்டப் பார்த்தாள். பிறகு நாக்கை நீட்டி, நன்றாக ஒரு நக்கு நக்கினாள்.

துடுப்பு பதறிப்போய் ஓடினான். அவனுக்கு முன்னால் மனைவி போய் மகளைத் தூக்கிவிட்டாள்.

"போதும்டி," என்றாள். "உனக்குப் பதினாலு நாள் முடிஞ்சுபோச்சு."